நீர்வழியும் இருப்புப்பாதையும்

நுழையும்முன்

ஓர் ஊரில் விளைந்த நெல் அவ்வூரின் களஞ்சியத்திலேயே தங்கிவிட்டால், அடுத்த மாவட்டத்தின் பசிக்கு அது பயன்படுவதில்லை. விளைச்சலும் வேண்டும், விளைந்ததைக் கொண்டு சேர்க்கும் வழியும் வேண்டும். அந்த வழி நீரா, இரும்பா, சாலையா? அதற்கான செலவைச் சுமப்பவர் யார்? 19ஆம் நூற்றாண்டில் இவ்வினாக்களை எழுப்பி, தாம் பணிபுரிந்த அரசோடு கால்நூற்றாண்டுக் காலம் வாதாடிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது. அணை கட்டிய பொறியாளராகவே பெரிதும் அறியப்பட்ட ஆர்தர் காட்டன், சரக்குப் போக்குவரத்தைப் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்தவர்.

இளமையும் வருகையும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கிழக்கிந்தியக் கும்பினியின் அடிஸ்கோம்பு படைப்பயிற்சிப் பள்ளியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தார். 1821இல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பாம்பன் நீர்வழியை அளந்தறியும் பணி அவருடைய தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. கப்பல் செல்வதற்கேற்ற ஆழத்தைத் தேடிய அந்தப் பணியே நீர்ப்போக்குவரத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் உறவாகும்.

பின்னர்க் காவிரிப் பாசனப் பொறுப்பு அவரிடம் வந்தது. அக்காலத்தில் காவிரியின் படுகையில் மணல் மேடிட்டதால், தாழ்வான கொள்ளிடத்தின் வழியே நீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. மணற்படுகையின்மேல் உறுதியான கட்டுமானத்தை எழுப்ப இயலுமா என்ற ஐயத்திற்குக் கல்லணையே அவருக்கு விடையாக அமைந்தது. பழந்தமிழரின் அந்தக் கட்டுமான நுட்பத்தை ஆராய்ந்து கற்றுக்கொண்ட அவர், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் கட்டி முடித்தார். தஞ்சை மீண்டும் பசுமை பெற்றது.

இருப்புப்பாதை அமைத்தவர்

பிற்காலத்தில் இருப்புப்பாதைகளைக் கடுமையாக எதிர்த்த காட்டனே, இந்தியாவின் மிகப் பழைய இருப்புப்பாதையோடு தொடர்புடையவர் என்பது வியப்புக்குரியது. 1837இல் சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை சரக்குக்கென ஓர் இருப்புப்பாதை இயங்கியது. சென்னையின் சாலைகளுக்குத் தேவையான கற்களைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். பம்பாயிலிருந்து தாணேவுக்குப் பயணியர் தொடர்வண்டி ஓடிய 1853ஆம் ஆண்டிற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தையது இது. ஆகவே, இரும்பின் ஆற்றலை அறியாமல் அவர் அதனை எதிர்த்தார் எனக் கூற இயலாது. குறுகிய தொலைவிற்கு, குறிப்பிட்ட ஒரு சுமைக்கு எது ஏற்றது என்று பார்ப்பதே அவருடைய இயல்பாக இருந்தது.

பஞ்சம் கற்பித்த பாடம்

1832-33ஆம் ஆண்டுகளில் குண்டூர்ப் பகுதியைப் பெரும் பஞ்சம் தாக்கியது. பெருந்திரளான மக்கள் மடிந்தனர். கோதாவரிக் கழிமுகப் பகுதியும் வறட்சியாலும் வெள்ளத்தாலும் மாறிமாறி அழிந்துகொண்டிருந்தது. ஆறு நிறைய நீர் கடலுக்குச் சென்றது. கரையில் வாழ்ந்தவர்கள் உணவின்றி வாடினர்.

அந்நாளில் சரக்கைச் சுமந்தவை மாட்டுவண்டிகளும் பொதிமாடுகளுமே. ஒரு வண்டி ஏறத்தாழ அரை டன் முதல் ஒரு டன் வரையே ஏற்றும். ஒரு நாளில் சில காத தொலைவே கடக்கும். மழைக்காலத்தில் வழிகள் சேறாகிவிடும். கோடையிலோ மாட்டிற்குத் தீவனமும் நீரும் வேண்டும். தொலைவு கூடக்கூட வண்டிக்கூலி தானியத்தின் விலையையே விஞ்சிவிடும். பஞ்சம் வந்தால் முதலில் மாடுகள் மடியும். அதனால் உணவு மிகவும் தேவைப்படும் காலத்தில்தான் அதனைச் சுமப்பதற்கு வழி இல்லாமற்போகும். இந்த அவலத்திற்கு ஆற்றுநீரைக்கொண்டே தீர்வு காண முடியும் என்று காட்டன் எண்ணினார்.

ஒரு கால்வாய், இரு பயன்

1847இல் தவளேசுவரத்தில் கோதாவரியின் குறுக்கே அணை கட்டும் பணி தொடங்கி, 1852இல் நிறைவெய்தியது. ஆற்றிடைத் தீவுகளை இணைத்து நான்கு பகுதிகளாக அவ்வணை எழுந்தது. அதிலிருந்து பிரிந்த முதன்மைக் கால்வாய்கள் வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு படகுகளும் செல்லுமாறு வடிவமைக்கப்பட்டன. நீர்மட்டம் மாறும் இடங்களில் இருபுறமும் கதவுகள் கொண்ட அடைப்புகள் கட்டப்பட்டன. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, நீரை உயர்த்தியோ தாழ்த்தியோ முன்கதவைத் திறந்துவிடும் அமைப்பு அது. விளைவிக்கும் நீரே விளைந்ததைச் சுமந்து செல்லும் என்பதே அத்திட்டத்தின் அழகு. வறண்டு கிடந்த கழிமுகம் நெற்களஞ்சியமாயிற்று.

விரைவா, மலிவா?

1853 முதல் ஆங்கில நிறுவனங்கள் இந்தியாவில் இருப்புப்பாதைகளை விரிவாக்கின. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி புறப்பட்டது. அந்நிறுவனங்களின் முதலீட்டிற்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டியை அரசு உறுதியளித்திருந்தது. வருவாய் குறைந்தால் அக்குறை இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து ஈடு செய்யப்படும். இழப்பு தம்மைச் சாராது என்பதால், சிக்கனம் பேண வேண்டிய தேவையும் நிறுவனங்களுக்கு இல்லாமற்போனது.

1854இல் இந்தியப் பொதுப்பணிகளைக் குறித்து எழுதிய நூலிலும் பின்னர் எழுதியவற்றிலும் காட்டன் தம் கருத்தை விளக்கினார். இந்நாட்டின் சரக்குகளில் பெரும்பகுதி நெல், உப்பு, பருத்தி, விறகு போன்றவை. அவை எடை மிகுந்தவை, விலை குறைந்தவை. ஒரு மூட்டை நெல் ஒரு நாளில் செல்கிறதா, பத்து நாளில் செல்கிறதா என்பதைவிட, என்ன கூலியில் செல்கிறது என்பதே ஏழைக்கு முதன்மையானது. மிதக்கும் சுமையின் எடையை நீரே தாங்குகிறது. மெதுவாகச் செல்லும் படகை நீர் சிறிதளவே தடுக்கிறது. எனவே, குறைந்த ஆற்றலால் பெருஞ்சுமையை நகர்த்தலாம். மேலும், கால்வாய் வயலையும் நனைக்கும்; இருப்புப்பாதையால் ஒரு நெற்கதிரையும் விளைவிக்க இயலாது.

எதிர்த்தரப்பிலும் வலுவான காரணங்கள் இருந்தன. கோடையில் ஆறுகள் வற்றும். பாசனத்திற்கு நீர் வேண்டிய காலத்தில் படகிற்கு நீர் எஞ்சாது. தக்காணப் பீடபூமியின் மேடு பள்ளங்களைக் கடக்க எண்ணற்ற நீரடைப்புகள் வேண்டும். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், படைகளை விரைந்து நகர்த்துவதே ஆட்சியாளரின் முதற்கவலையாயிற்று. ஆண்டு முழுவதும் ஓடும் தொடர்வண்டி அவர்களுக்கு உகந்ததாயிற்று.

தெரிந்து தெளிவோம்

சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே 1806இல் தொடங்கிய கால்வாய் படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78ஆம் ஆண்டுப் பஞ்ச நிவாரணப் பணியாக அடையாறும் கூவமும் கால்வாயால் இணைக்கப்பட்டன. அன்றைய ஆளுநரின் பெயரால் இது பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. கிருஷ்ணை, கோதாவரிக் கழிமுகக் கால்வாய்களோடும் இணைந்த இவ்வழியே நெல்லும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் நெடுங்காலம் சென்னைக்கு வந்தன.

கர்நூல் தந்த அடி

காட்டனின் எண்ணம் எங்கும் வெற்றி பெறவில்லை. துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பை வழியாகப் பாசனத்திற்கும் படகிற்குமாக ஒரு நெடுங்கால்வாய் வெட்டத் தனியார் நிறுவனம் ஒன்று முன்வந்தது. அதற்கும் அரசு வட்டி உறுதி அளித்தது. மதிப்பீட்டை விஞ்சிப் பன்மடங்கு செலவானது. உழவர்கள் எதிர்பார்த்த அளவில் நீரை வாங்கவில்லை. படகுகளும் மிகுதியாக ஓடவில்லை. இறுதியில் 1882இல் அரசே அதனை விலைக்கு வாங்க நேர்ந்தது. தட்டையான கழிமுகத்தில் எளிதாக நிறைவேறிய ஒன்று, பாறையும் மேடும் நிறைந்த நிலத்தில் அவ்வாறே நிறைவேறாது என்பதை அக்கால்வாய் உணர்த்தியது. எந்த உறுதிமொழியைக் காட்டன் இருப்புப்பாதையின் குறையாகச் சுட்டினாரோ, அதே உறுதிமொழி கால்வாயையும் காக்கவில்லை.

பெரும் பஞ்சமும் விசாரணைக் குழுவும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சத்தில் அரைக்கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இருப்புப்பாதைகள் வெளியிலிருந்து தானியத்தைக் கொண்டுவந்து பலரைக் காத்தன என்பது உண்மை. ஆயினும், நிலையங்களில் குவிந்த மூட்டைகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்ல மாடுகள் இல்லை. அவை தீவனமின்றி மடிந்திருந்தன. வந்த தானியத்தை வாங்கக் கூலித்தொழிலாளரிடம் பணமும் இல்லை. நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. அதே வேளையில், அணைநீர் பெற்ற கோதாவரி, கிருஷ்ணைக் கழிமுகங்கள் பஞ்சத்தின் கொடுமைக்குத் தப்பியதோடு பிற பகுதிகளுக்கும் நெல் வழங்கின.

1878இல் இந்தியப் பொதுப்பணிகளை ஆராய ஆங்கில நாடாளுமன்றம் அமைத்த குழுவின்முன் எழுபத்தைந்து வயதான காட்டன் சான்றுரைத்தார். கங்கை, சிந்து ஆறுகளின் வழியாகக் கல்கத்தாவைக் கராச்சியோடும், கோதாவரி, தபதி ஆறுகளின் வழியாகக் காக்கிநாடாவைச் சூரத்தோடும் இணைக்கும் நீர்வழிகளை அவர் முன்மொழிந்தார். துங்கபத்திரை வழியே கார்வாருக்கும், பொன்னானி ஆற்றின் வழியே பாலக்காடு, கோயம்புத்தூருக்கும் வழிகள் அதில் இடம்பெற்றன. மொத்தம் 4,000 மைல். மதிப்பீடு மூன்று கோடி பவுன். குழு அதனை ஏற்கவில்லை. தொடர்ந்து வந்த பஞ்ச ஆணையமும் புதிய இருப்புப்பாதைகளைப் பரிந்துரைத்தது. வாதத்தில் காட்டன் தோற்றார்.

முடிவும் எச்சமும்

இறுதிக் காலத்தை இங்கிலாந்தின் டார்க்கிங் என்னும் ஊரில் வேளாண் ஆய்வுகளில் கழித்த காட்டன், 1899ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். அயல் ஆட்சியின் அலுவலராக வந்தவர் அவர். அவர் கட்டிய அணைகளால் அந்த ஆட்சியின் வருவாயும் பெருகியது. ஆயினும், கோதாவரி மாவட்டங்களில் இன்றும் அவருக்குச் சிலைகள் நிற்கின்றன. தவளேசுவரத்தில் பின்னர் எழுந்த புதிய அணை அவர் பெயரையே தாங்கியுள்ளது.

அவர் எழுப்பிய வினா இன்று வேறு வடிவில் தொடர்கிறது. விடுதலை பெற்ற காலத்தில் நம் நாட்டின் சரக்கில் மிகப் பெரும்பகுதியைத் தொடர்வண்டிகளே சுமந்தன. இன்று அதன் பெரும்பகுதி சரக்குந்துகளில் செல்கிறது. சரக்குந்து வாயிற்படிவரை வரும். சிறு சுமையையும் ஏற்கும். ஆனால், எஃகுத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரத்திற்கு உராய்வு குறைவாதலால், நிலக்கரி, உணவுதானியம் போன்ற பெருஞ்சுமைகளை நெடுந்தொலைவு கொண்டுசெல்லத் தொடர்வண்டிக்கு எரிபொருள் குறைவாகவே தேவைப்படுகிறது. படகின் சார்பாகக் காட்டன் கூறிய காரணம் இன்று தொடர்வண்டிக்குத் துணைநிற்கிறது. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களும் கோதாவரி, கிருஷ்ணை ஆற்றுவழிகளும் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. காட்டனின் கால்வாய்களும் அவற்றுள் அடங்கும்.

எந்த ஊர்தியும் எல்லாச் சுமைக்கும் ஏற்றதன்று. சுமையின் தன்மை, தொலைவு, நிலம், செலவைத் தாங்குவோரின் நிலை ஆகியவற்றை எண்ணியே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காட்டன் கண்ட விடை சில இடங்களில் பிழைத்தது. ஏழையின் மூட்டைக்கு என்ன கூலி என்று அவர் கேட்ட வினா பிழைக்கவில்லை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு வரும் அரிசி, சிமெண்டு, காய்கறி ஆகியவை எவ்வழியாக வருகின்றன எனக் கேட்டறிந்து, அவ்வழி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்களை எழுதுக.
2. கோதாவரிக் கால்வாயின் வெற்றியையும் கர்நூல் கால்வாயின் தோல்வியையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. ‘நெடுந்தொலைவுச் சரக்கிற்கு ஏற்றது தொடர்வண்டியா, சரக்குந்தா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.