தங்கையைக் கொன்ற நோயுடன் போராடிய டாக்டர் முத்துலட்சுமி

காரிமங்கலத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் பல தடவை எழுந்து வெளியே போகிறார். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. வீட்டில் சொல்ல வெட்கம். வயதானால் இப்படித்தான் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்.

இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலோருக்கு அது சாதாரண வீக்கம்தான். சிலருக்கு அது புற்றுநோய்.

நோயை வேறு ஏதோ என்று நினைத்தால் என்ன ஆகும்? அந்தத் துயரத்தைத் தம் வீட்டிலேயே கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள்.

அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் செய்துவிடுவார்கள். முத்துலட்சுமியோ படிப்பேன் என்றார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களே படித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. அதை மீறி அங்கே சேர்ந்தார்.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டரானார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

தங்கையின் நோய்

அம்மையாருக்கு ஒரு தங்கை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. சீதபேதி என்று வைத்தியம் செய்தார்கள். நோய் குறையவில்லை. கடைசியில்தான் உண்மை தெரிந்தது. அது சீதபேதி அல்ல, குடலின் கடைப்பகுதியில் வந்த புற்றுநோய்!

காலம் கடந்துவிட்டது. தங்கை இறந்துபோனார்.

அக்காள் டாக்டர், ஆனாலும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அம்மையாரை விட்டுப் போகவே இல்லை. 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியைக் கண்டார். நம் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று உறுதி கொண்டார்.

12 படுக்கைகள்

1927-ல் அம்மையார் சென்னைச் சட்டசபையின் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் ஆனார். வெளியே பேசக்கூடாது என்று ஊர் மூடி வைத்த விஷயங்களைச் சபையில் பேசினார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது.

புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மட்டும் எளிதில் ஆதரவு கிடைக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்றார்கள். அம்மையார் தளரவில்லை. மாதர் சங்கத்தின் மூலம் நன்கொடை திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

1954 ஜூன் 18-ந் தேதி அடையாறில் ஆஸ்பத்திரி திறந்தது. இருந்தவை 12 படுக்கைகள்தான்! வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்த மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ல் காலமானார். அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்று நாடறிந்த பெரிய நிலையமாக வளர்ந்திருக்கிறது.

ஆண்களுக்கு வரும் நோய்

தங்கையின் கதை இன்று ஆண்களின் விஷயத்தில் திரும்பவும் நடக்கிறது.

சிறுநீர்ப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு. ஏறக்குறைய நெல்லிக்காய் அளவு இருக்கும். அது ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. அதில் வரும் புற்றுநோய் 2020-ல் உலகில் சுமார் 14 லட்சம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறக்குறைய 3 லட்சத்து 75 ஆயிரம் பேர் அந்த ஆண்டு இறந்தார்கள். 2040-ல் புதிய நோயாளிகள் 29 லட்சம் ஆகலாம் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மக்கள் நீண்ட காலம் வாழ்வதே இதற்கு முக்கிய காரணம். வயது ஏற ஏற இந்த நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தக் கட்டி சுருங்கும் என்று 1941-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சிகிச்சை இன்றும் பயன்படுகிறது. ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் இருக்கின்றன. நோய் பரவுமுன் கண்டுபிடித்தால் பலரைக் குணப்படுத்தலாம்.

தொடக்கத்தில் இந்த நோய் அடையாளமே காட்டாமல் இருக்கலாம். ஆகவே 50 வயதைத் தாண்டிய ஆண்கள், தங்களுக்குச் சோதனை தேவையா என்று டாக்டரைக் கேட்பது நல்லது. தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது.

காரிமங்கலத்துப் பெரியவர் இன்று அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தேவையானால் தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், அதற்கு மேல் அடையாறுக்கும் போகலாம். முத்துலட்சுமி அம்மையாரின் தங்கைக்கு இந்த வசதி இருக்கவில்லை.

பெரியவர் வெட்கத்தை விட்டு வாய் திறக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் அன்பாகக் கேட்க வேண்டும்.