மீன்குஞ்சுகளுக்காக வாதாடிய மருத்துவர்

வில்லியனூர்ப் பக்கம் விற்பனைக்கு வரும் நாக்கு மீனுக்கு இரு கண்களும் ஒரே பக்கத்தில் இருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். குஞ்சாக இருக்கையில் அது மற்ற மீன்களைப் போலவே நிமிர்ந்து நீந்தும். வளர வளர ஒரு கண் மறுபக்கம் நகர்ந்துவிட, மணலில் ஒருக்களித்துப் படுத்துவிடும். நாக்கு மீன்களுள் சிலவற்றிற்கு அறிவியற் பெயர் சூட்டியவர் பிரான்சிஸ் டே.

1829-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1852-இல் சென்னைப் படையில் மருத்துவராகச் சேர்ந்தார். வைத்தியம் போக எஞ்சிய நேரமெல்லாம் மீன்தான்! 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இவரது 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலில், நம் மீனவர் வழங்கும் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றன. நம் 'எருமை நாக்கு' மீனின் அறிவியற் பெயரிலும் 'எருமை' இருக்கிறது. அது 1801-இலேயே சூட்டப்பட்ட பெயர்.

கடல் மீனைவிட ஆற்று மீனின் நிலையே டே அவர்களை மிகவும் வருத்தியது. கொள்ளிடத்தில் முட்டையிட ஏறிவரும் உல்லம் மீனை அணைக்கட்டு தடுப்பதை ஆராய்ந்தார். வாய்க்கால்களில் பொடிக்கண் வலையால் குஞ்சுகள் வாரப்படுவதையும், நீரில் நஞ்சு கலக்கப்படுவதையும் 1873-இல் அறிக்கையாக எழுதினார். வலைக் கண்ணுக்கு அளவு வேண்டும் என்று வாதாடினார். ஏழைகளின் பிழைப்பு கெடும் என்று மறுத்த அதிகாரிகளும் உண்டு. அவர்கள் கவலையும் பொய்யன்று. ஏரி வற்றும் நாளில் கொசுவலையோடு இறங்குபவர்களை நாம் பாகூரிலும் அறிவோம்.

1889-இல் டே காலமானார். நஞ்சையும் வெடியையும் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல்தான் வந்தது. வலைக் கண்ணின் அளவை அந்தந்த மாகாணமே முடிவு செய்துகொள்ள விட்டுவிட்டார்கள்.