லெஸ் போல்: மடங்காத கையும் மரக்கட்டைக் கிற்றாரும்

1948 ஜனவரியில், ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், பனி உறைந்த வீதியில் சென்ற கார் ஒன்று வழுக்கிப் பள்ளத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 32 வயதுக் கிற்றார் கலைஞர் லெஸ் போலின் வலது முழங்கை நொருங்கிப் போனது. கையை அகற்றுவது பற்றியும் வைத்தியர்கள் யோசித்தார்கள். காப்பாற்றினாலும் அந்த முழங்கை இனி மடங்காது, நிமிராது. எந்தக் கோணத்தில் பொருத்துகிறார்களோ அப்படியே நின்றுவிடும். கிற்றாரை அணைத்துப் பிடித்து, விரல்கள் தந்திகளைத் தொடக்கூடிய கோணத்தில் அதைப் பொருத்திவிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். அப்படியே செய்தார்கள். எஞ்சிய 61 ஆண்டுகளும் அந்தக் கையோடுதான் அவர் வாழ்ந்தார்.

1915 ஜூன் 9ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்தின் வோகெஷா என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே வீட்டுப் பொருட்களைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் அவருக்கு இருந்தது. பதின்ம வயதில் வீதியோர உணவுக்கடை ஒன்றில் பாடிவந்தபோது, தொலைபேசியின் பேசும் பகுதியை ஒலிவாங்கியாகவும் வீட்டு வானொலிப் பெட்டியை ஒலிபெருக்கியாகவும் மாற்றினார். பாட்டுக் கேட்டது, கிற்றார் கேட்கவில்லை. கிராமபோன் ஊசிப் பகுதியைக் கிற்றாரின் உடலில் செருகி இன்னொரு வானொலிப் பெட்டியுடன் இணைத்தார். இப்போது கிற்றாரும் கேட்டது.

ஆனால் புதிய சிக்கல் ஒன்று வந்தது. வழமையான கிற்றாரின் உடல் உட்குழிவானது. ஒலிபெருக்கியில் இருந்து வரும் சத்தம் அந்தக் குழிவை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். முடிவில் ஊளைச் சத்தமே மிஞ்சும். கிற்றாருக்குள் பழந்துணிகளை அடைத்துப் பார்த்தார், பிளாஸ்டர் ஒவ் பாரிஸையும் ஊற்றிப் பார்த்தார். பின்னர் தண்டவாளத் துண்டு ஒன்றில் தந்தியைக் கட்டி மீட்டினார். உடல் அதிராதபோது தந்தியின் நாதம் நெடுநேரம் நிற்கும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

1940ஆம் ஆண்டளவில், நியூயோர்க்கில் எபிபோன் தொழிற்சாலை ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நான்கு அங்குலச் சதுர பைன் மரக்கட்டை ஒன்றில் கிற்றாரின் கழுத்தையும், காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்களையும் பூட்டினார். உருக்குத் தந்தி அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதைப் பெருக்கும். வெறும் கட்டையைச் சனம் இரசிக்கவில்லை. பழைய கிற்றார் ஒன்றை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒட்டியதும் ஏற்றுக்கொண்டார்கள். கிப்சன் நிறுவனமோ அந்தக் கட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1950இல் லியோ பெண்டர் கட்டையுடல் கிற்றார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரே அந்நிறுவனம் அவரைத் தேடியது. 1952இல் வெளியான கிற்றாருக்கு அவருடைய பெயரையே சூட்டியது. அதன் வடிவமைப்பில் அவருக்கும் நிறுவனத்தாருக்கும் உள்ள பங்கு எவ்வளவு என்பது இன்றுவரை விவாதமாகவே இருக்கிறது.

அவருடைய பெரிய பரிசோதனைகள் ஹொலிவூட்டில் அவரது வீட்டுக் கராஜில் நடந்தன. கடிலாக் காரின் பிளைவீலையும் பல் வைத்தியரின் துளைகருவிப் பட்டியையும் கொண்டு இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து, இன்னொரு தட்டில் பதிவார். இப்படி எட்டுக் கிற்றார்களும் அவர் ஒருவரே வாசித்ததாக அமைந்த லவர் என்ற இசைத்தட்டு, அவர் காயப்பட்டுக் கிடந்த 1948இல் வெளியானது. பதியும் முனைக்குப் பின்னால் மீள ஒலிக்கும் முனை ஒன்றை வைத்து எதிரொலியையும் உண்டாக்கினார். ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருவதே அதன் தத்துவம். இன்று இளைஞர்கள் வீட்டில் ஈயம் உருக்கி ஒட்டிச் செய்யும் டிலே பெடல்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

காயம் ஆற ஒன்றரை ஆண்டு அளவில் ஆனது. காயப்பட்ட உடம்போடு பழைய தொழிலுக்குத் திரும்புவது எத்தகையது என்பதை எங்களில் பலர் அறிவோம். அவர் திரும்பியது மாத்திரமல்ல, முன்னரைவிட உயரத்துக்கும் போனார். மனைவி மேரி போர்டுடன் அவர் இசைத்த ஹவ் ஹை த மூன் பாடல் 1951இல் 9 வாரங்கள் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது.

முதுமையில் மூட்டுவாதம் இடது கை விரல்களையும் முடக்கியது. இயங்கிய விரல்களுக்கு ஏற்ப வாசிக்கும் முறையை மாற்றிக்கொண்டார். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் திங்கட்கிழமை இரவுகளில் நியூயோர்க்கில் மேடையேறினார். 2009 ஓகஸ்டில், தனது 94ஆவது வயதில் காலமானார். சொந்த ஊரான வோகெஷாவில் அடக்கம் செய்யப்பட்டார்.