கல்லறைமேற் பொறித்த கணிதம்

அரசர் வென்ற போர்களைக் கல்லில் எழுதுதல் உலக வழக்கு. வியத்தகு பொறிகள் பல அமைத்துப் புகழெய்திய பேரறிஞர் ஒருவரோ, அவற்றுள் ஒன்றையேனும் தம் கல்லறையிற் பொறிக்க விரும்பினாரல்லர். உருளை ஒன்றும் அதனுள் அடங்கிய கோளம் ஒன்றுமே போதுமென்றார். அவரே ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்கர். அவ்விரு வடிவங்களையும் அவர் அத்துணைப் போற்றியது ஏன் என ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரில் கி. மு. 287-ஆம் ஆண்டளவில் அவர் தோன்றினார். தந்தையார் பிதியாஸ் வானநூல் வல்லவர். அந்நகரத்து மன்னன் ஹீரோனுடைய முடியிற் பொன்னோடு வெள்ளி கலந்துளதோ என ஆராயப் புகுந்தவர், நீராடுங்கால் விடை கண்டார் என்னும் கதையை அறியாதார் இலர். நீரில் மூழ்கிய பொருள் தன் கன அளவிற்கு ஒத்த நீரை விலக்கும் என்பதே அக்கதையின் உட்பொருள். ஒழுங்கான வடிவற்ற பொருளையும் அவ்வாறு நீரால் அளந்துவிடலாம். ஆயினும், ஒரு பொருளை அளப்பது வேறு. எல்லாக் கோளங்கட்கும் பொருந்தும் விதியை அறிவால் நிறுவுவது வேறு. பின்னதனையே அவர் பெரிதும் நாடினார்.

அவர் கண்ட விதி மிக எளியது. குறுக்களவும் உயரமும் ஒத்த உருளை மூன்று படி நீர் கொள்ளுமாயின், அதனுள் இறுகப் பொருந்தும் கோளம் இரண்டு படி கொள்ளும். அவ்வுருளையின் அடியும் உயரமும் உடைய கூம்பு ஒரு படி கொள்ளும். கூம்பின் அளவை முதற்கண் உரைத்தவர் டெமாக்கிரிட்டஸ் என்றும், அதனை நிறுவியவர் யூடாக்ஸஸ் என்றும், முன்னோர்க்குரிய புகழை அவர் மறவாது எழுதிவைத்தார். கோளத்தின் அளவோ அவரே கண்டது. கோளம், கூம்பு, உருளை ஆகியவற்றை மிக மெல்லிய தகடுகளாக அரிந்ததாகக் கருதி, நிறைகோலின் ஒருபுறம் கோளமும் கூம்பும், மறுபுறம் உருளையும் இட்டாற்போல் மனத்தால் நிறுத்து, அவ்வுண்மையை உணர்ந்தார். உணர்ந்ததோடு அமையாது, பின்னர் வடிவியல் முறையால் ஐயமற நிறுவினார். தாம் சென்ற வழியை விளக்கி, அலெக்சாந்திரியாவிலிருந்த எரட்டாஸ்தனீசுக்கு ஒரு நூலும் விடுத்தார். பின்வருவோர் அவ்வழியே சென்று புதிய உண்மைகளைக் காண்பர் என்பது அவர்தம் நம்பிக்கை.

கி. மு. 212-இல், நெடிய முற்றுகைக்குப் பின், சிரக்கூஸ் உரோமர் வசமாயிற்று. அவர் உயிரைக் காக்குமாறு படைத்தலைவன் மார்செல்லஸ் பணித்திருந்தும், வீரன் ஒருவன் அவரை வெட்டி வீழ்த்தினான். அவர் விரும்பியவாறே கல்லறை எழுந்தது. ஆயின், கி. மு. 75-இல் உரோம அதிகாரியாய் அங்குச் சென்ற சிசரோ அதனைத் தேடியபோது, அந்நகரத்தாரே அப்படியொன்று இல்லையென்றனர். முட்புதரிடையே தலைகாட்டிய கோளமும் உருளையுமே அதனைக் காட்டிக்கொடுத்தன.

எரட்டாஸ்தனீசுக்கு விடுத்த நூலும் அவ்வாறே மறைந்தது. எஞ்சிய ஒரே படியின் எழுத்தைச் சுரண்டி நீக்கி, அத்தோலேடுகளில் 1229-இல் கிறிஸ்தவ செபங்களை எழுதினர். 1906-இல் கான்ஸ்டாண்டிநோபிளில், டென்மார்க்கைச் சார்ந்த ஹைபெர்க் என்னும் பேராசிரியர், செபங்களின் அடியிற் கிடந்த மங்கிய வரிகளைப் படித்தறிந்தார். எழுத்தை அழித்தமைக்கு வருந்துவதா, செபநூலானமையால் ஏடுகள் பிழைத்தமைக்கு நன்றி கூறுவதா என நெஞ்சம் தடுமாறுகின்றது. அதற்குள், 17-ஆம் நூற்றாண்டுக் கணிதர், அம்முறையோடு ஒத்த தொகை நுண்கணிதத்தை, அந்நூலின் துணையின்றித் தாமே தேடிக்காண வேண்டியதாயிற்று.

கண்டவர் தம் வழியை ஒளித்தாரல்லர், காக்கவேண்டியவரே மறந்தனர். கற்பதோடு, முன்னோர் எழுதியதைக் காத்துப் பின்வருவோர் கையிற் சேர்ப்பதும் மாணவராகிய நம் கடனன்றோ?