திருத்துருத்தியிலே பிணி தீர்ந்த நம்பியாரூரர்

சைவ நன்மாணாக்கர்க்குச் சமயாசாரியர் சரித்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணிழந்த கதையை விரித்துரைப்பர். அவர் திருமேனியில் உற்ற பிணி தீர்ந்த கதையையோ ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவர். அதனையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரிலே, ஆதிசைவ மரபிலே, சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் புதல்வராய் நம்பியாரூரர் தோன்றினார். நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் அவரை விரும்பிப் பெற்று வளர்த்தனர். புத்தூரிலே திருமணப் பந்தரில் இறைவன் முதியவராய் வந்து, ஆளோலை காட்டித் தடுத்தாட்கொண்டமையும், திருவாரூரிலே பரவையாரை மணந்தமையும் யாவரும் அறிந்தனவே.

பின்னர்த் திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணக்க விழைந்தவர், அவரைப் பிரியேன் என்று மகிழமரத்தின் கீழ்ச் சபதஞ் செய்தார். சந்நிதியிலே சபதஞ் செய்யும்போது இறைவன் மகிழின்கீழ் இருந்தருளல் வேண்டும் என்று முன்னரே விண்ணப்பித்திருந்தார். இறைவனோ சபதத்தையே மகிழின்கீழ் நிகழுமாறு சங்கிலியாருக்குக் கனவில் உணர்த்திவிட்டான். வசந்தகாலம் வந்தது, திருவாரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது. நம்பியாரூரர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளியிழந்தன.

அதன்பின் அவர் நடந்த வழியே அவர்தம் வரலாற்றிற் பெரும்பகுதி. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சித் திருவேகம்பத்திலே இடக்கண் பெற்றார். திருவாவடுதுறையை வணங்கித் திருத்துருத்தியை அடைந்தார். அதற்குள் உடம்பிலும் பிணி பற்றியிருந்தது. அதனைத் தோலைப் பற்றிய நோய் என்றே தலத்தார் வழங்குவர். கண்ணில்லார் கோல்கொண்டு நடப்பர். எரிச்சலும் அரிப்பும் உற்றவர்க்கோ ஊன்றுதற்கு ஒரு கோலும் இல்லை. இருக்கவும் ஒட்டாது, உறங்கவும் ஒட்டாது வருத்தும் நோய் அது.

நம்பியாரூரர் தம் நோயை மறைத்தாரல்லர்; தோழராகிய இறைவனிடத்தே வெளிப்படையாக முறையிட்டார். வடபாலுள்ள குளத்திலே நீராடுக என்று திருவருள் கிடைத்தது. நீராடினார்; பிணி நீங்கி மேனி ஒளிபெற்றது. அவர் பாடிய திருத்துருத்திப் பதிகம் ஏழாந்திருமுறையிலே உள்ளது. காவிரித் தென்கரையிலே, மயிலாடுதுறைக்கு அருகில், இன்று குத்தாலம் என வழங்கும் ஊரே அத்தலம். அருவி வீழும் தென்காசிக் குற்றாலம் வேறு. வலக்கண்ணோ பின்னர்த் திருவாரூரிலேதான் கிடைத்தது.

ஈழத்துத் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளிய இப்பெரியார் நமக்கும் உரியர். ஆதலின், பேராதனையிலும் கண்டியைச் சூழ்ந்த மலைப்புறங்களிலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒன்று கூறுவோம். சபதந் தவறியமையால் நோய் வந்தது என்று மட்டும் இக்கதையைச் சொல்லி நிறுத்துவோமாயின், வகுப்பிலே கை சொறிந்துகொண்டிருக்கும் பிள்ளை தன்னையும் பாவி என்று எண்ணித் தலை குனியும். அப்பிள்ளை எந்தச் சபதத்தைத் தவறியது? அடியவர்க்கு நேர்ந்தது அடியவர்க்கும் ஆண்டவனுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு. அதனைப் பிறர்மேல் அளவுகோலாக வைத்தல் தகாது.

சிரங்கு என்பது கண்ணுக்குப் புலப்படாத சிறு உண்ணி தோலுக்குள் வளைதோண்டி முட்டையிடுவதால் வருவது. இரவிலே அரிப்பு மிகும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் முதலிற் காணப்படும். நெருங்கி வாழ்வோரிடையே தொற்றுமாதலின், வைத்தியர் தரும் களிம்பை வீட்டார் யாவரும் ஒரே காலத்திற் பூசி, உடையையும் படுக்கை விரிப்பையும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தல் வேண்டும். ஒருவர் மட்டும் பூசினால் நோய் திரும்பி வரும். உண்ணி இறந்த பின்னரும் அரிப்புச் சில வாரம் நிற்கும். அதுகண்டு மருந்து பலிக்கவில்லை என மயங்கலாகாது. தொற்றாத கரப்பானும் உண்டு. அதற்கு மருந்து வேறு. ஆதலின் வைத்தியர் பார்த்தே துணிதல் வேண்டும். தோல் வறண்டு எரிவோர்க்கு மிகச்சூடான நீர் ஆகாது. குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றுதலும், நகங் குறைத்தலும், மெல்லிய பருத்தியாடை உடுத்தலும் ஆறுதல் தரும்.

இவற்றைச் சொல்லிக் கொடுத்தல் சமய பாடத்திற்குப் புறம்பு என்று எண்ணற்க. கோல், இடக்கண், உடல்நலம், வலக்கண் எனப் படிப்படியாகவே அருள் பெற்றவர் நம் ஆசாரியர். ஒவ்வொரு படியிலும் அவர் வாய்திறந்து கேட்டார். நோயுற்ற பிள்ளையும் அஞ்சாது வாய்திறந்து கேட்கத்தக்கவராய் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அப்பிள்ளையைத் தனியே இருத்தி நாணச் செய்யாது, வைத்தியரிடம் அனுப்பி, தாயாரை அழைத்து முறை கூறுக. கதை கேட்ட பயன் அப்பொழுதே விளைந்ததாகும்.