ஆளில்லாதவர்களுக்கு ஆதரவான ருஃபைதா (ரலி)

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை போன்ற கடலோர ஊர்களுக்கு 2004 டிசம்பர் 26 மறக்க முடியாத நாள். பேரிடர் நேரத்தில் யாரை முதலில் கவனிப்பது என்பதே செவிலியருக்குக் கடினமான கேள்வி. உறவினர் கூட்டத்தோடு வருபவருக்காகப் பேசப் பலர் உண்டு. தனியே கிடப்பவருக்காக யார் பேசுவது?

அஸ்லம் கோத்திரத்துப் பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களின் வாழ்க்கை இதற்கு வழிகாட்டுகிறது. மஸ்ஜிதுந் நபவியில் இருந்த தமது கூடாரத்தில் அவர்கள் காயமுற்றோருக்கு மருந்திட்டார்கள். கவனிக்க ஆளில்லாத முஸ்லிம்களுக்குப் பணிவிடை செய்வதை, மறுமை நன்மையை நாடித் தம் பொறுப்பாக்கிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப்போரில் அவ்ஸ் கோத்திரத் தலைவர் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரையும் அதே கூடாரத்தில்தான் சேர்க்கச் சொன்னார்கள். அங்கே வந்து நலம் விசாரித்தார்கள். தலைவருக்கென்று தனி இடம் இல்லை. அந்தக் காயத்தாலேயே ஸஅத் (ரலி) அவர்கள் பின்னர் ஷஹீதானார்கள். உயிர் நிலைப்பது அல்லாஹ்வின் நாட்டம். பாகுபாடின்றிப் பணிவிடை செய்வது நம் கடமை.

செவிலியர் படிப்பில் சேரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லிக்கொடுப்போம். எந்தச் சமுதாயத்தவர் ஆனாலும், ஆளில்லாதவர் பக்கம் முதலில் திரும்பிப் பார்க்கும் மனதை அல்லாஹ் அவர்களுக்குத் தருவானாக, ஆமீன்.