சொந்தப் பெயரையே இழந்த சின்தசைசர் மேதை: யார் இந்த ராபர்ட் மோக்?

லேப்டாப்பில் இசையமைக்கும் யாராக இருந்தாலும், மினிமோக் என்ற பெயரைக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தக் கருவியின் ஒலி இன்று மென்பொருளாகக் கிடைக்கிறது. அதை உருவாக்கியவரின் கதை தெரியுமா?

தெரமினில் தொடங்கிய பயணம்

ராபர்ட் மோக் 1934 மே 23-ல் நியூயார்க்கில் பிறந்தார். அம்மாவுக்கு மகன் பியானோ கலைஞனாக வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ இன்ஜினியர் அப்பாவோடு சேர்ந்து எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்வதில்தான் ஆர்வம். தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். 1964-ல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து, மின்னழுத்தத்தால் சுருதியைக் கட்டுப்படுத்தும் சின்தசைசரை உருவாக்கினார்.

1968-ல் பாக்கின் இசையை வெண்டி கார்லோஸ் மோக் சின்தசைசரிலேயே வாசித்து வெளியிட்ட ஆல்பம் சக்கைப்போடு போட்டது. சுவர் போல நின்ற கருவியை, தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குச் சுருக்கி 1970-ல் வந்ததுதான் மினிமோக்.

அந்த ஒலியில் அப்படி என்ன இருக்கு?

ரகசியம் அதன் ஃபில்டரில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஜோடிகள் ஏணிப்படி போல அடுக்கப்பட்டதால் 'லேடர் ஃபில்டர்' என்று பெயர். இதற்கு 1969-ல் காப்புரிமை கிடைத்தது. சிக்னலின் அளவு கூடும்போது டிரான்சிஸ்டர்கள் ஒலியை லேசாகச் சிதைக்கும். அதுதான் அந்தக் கனமான நாதம். சூடு ஏறினால் சுருதியும் கொஞ்சம் நகரும்.

கம்ப்யூட்டருக்கு இந்தக் குறைகள் கிடையாது. அதனால் மென்பொருள் எழுதுபவர்கள் சர்க்யூட்டின் நடத்தையைக் கணக்குப் போட்டு, அந்தச் சிதைவையும் சுருதி நகர்வையும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். அன்று தலைவலியாக இருந்த குறைதான் இன்று எல்லோரும் தேடும் குணம்!

பறிபோன பெயர்

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. கடன் நெருக்க, 1971-ல் நிறுவனம் கைமாறியது. 1977-ல் மோக் அங்கிருந்தே வெளியேறினார். வட கரோலினாவில் பிக் பிரையர் என்ற புதிய நிறுவனம் தொடங்கினார். ஆனால் தான் செய்த கருவியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை அவரிடம் இல்லை. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2002-ல்தான் அந்த உரிமை திரும்பக் கிடைத்தது.

அதற்கடுத்த ஆண்டே, பிரான்ஸின் ஆர்டூரியா நிறுவனம் அவரது ஒத்துழைப்புடன் பழைய மோக் சின்தசைசரை மென்பொருளாக வெளியிட்டது. 2005 ஆகஸ்ட் 21-ல், மூளைக் கட்டியால் மோக் காலமானார். வயது 71.

2012-ல் அவரது பிறந்தநாளுக்கு, வாசிக்கக்கூடிய குட்டி சின்தசைசரையே டூடுலாக வைத்தது கூகுள். பெயரைப் பலர் இன்னமும் 'மூக்' என்றே உச்சரிக்கிறார்கள். அவர் குடும்பம் சொல்வது 'மோக்'. பாடுபட்டு மீட்ட பெயர், சரியாகவே சொல்வோமே!